ஸுஹைராவின் பச்சை முட்டைக் கோழிகள்

ஸுஹைராவைப் பற்றி எவராவது என் முன்னால் வாயைக் கோணிக்கொண்டு கதைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். புத்தளம் தில்லையடியில் எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுக்கும் அது தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் வீட்டில் கறி தாளித்தால் என் வீட்டில் தும்மல் வரும். அப்படிப்பட்ட என்னை விட்டுவிட்டு, அவளை ஒரு நாள் கண்ணால் கண்டிராதவர்கள் எல்லாம் அவள் இப்படிப்பட்டவள், அப்படிப்பட்டவள் என்று சொல்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. சண்டைக் காலத்தில், தொண்ணூறில், இயக்கத்தார் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கியவள். அகதி முகாமிலேயே வளர்ந்தாள். அவளைப் போலவே மன்னாரிலிருந்து வந்த நெய்னார் என்ற மீன்பிடிகாரரைக் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்துக் காணியில் முதலில் ஓலைக் கொட்டில் போட்டாள், பிறகு கல்வீடு கட்டினாள். நெய்னார் தங்கமான மனிதர். களப்பில் வலை போடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். சண்டை முடிந்து அவருடைய தம்பிமார் மன்னாருக்குத் திரும்பியபோது அவளையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. ஒரே மகன் ரிப்கானுக்கு ஊர் என்றால் புத்தளம்தான். "அவன் எங்கயோ அங்கதான் நான், ராத்தா. எனக்கு வேற ஊர் எது?" என்றாள் என்னிடம். அக்காவை நாங்கள் ராத்தா என்போம்.

ரிப்கானை வளர்க்க அவள் பட்ட பாடு கொஞ்சமா? விடியப் பஸ் ஏறி நுரைச்சோலைக்குப் போவாள். வெங்காயத் தோட்டங்களில் நாள் முழுக்கக் குனிந்து நின்று, பின்னேரம் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவாள். மகன் வயரிங் வேலை படித்து, அனல்மின் நிலையத்தில் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஒழுங்கை முழுவதற்கும் வட்டிலப்பம் கொடுத்தாள். எனக்கு இரண்டு துண்டு.

பிறகு அவனுக்குக் கற்பிட்டியில் கலியாணம் பேசி வந்தது. பெண் சப்னா. உம்மா றம்லா, பல தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம், சொந்தமாக இயந்திர வள்ளங்கள் ஓடுகின்றன. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். ஆகவே மகனைக் கட்டிக்கொடுத்தால் மகன் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கலியாண வீட்டில் றம்லா தன் ஆட்களிடம், "அகதி வீட்டுப் புள்ளதான், ஆனா தொழில் இருக்கு" என்று சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. நான் திருப்பிக் கொடுக்க எழும்பினேன். ஸுஹைரா என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டாள். "வேணாம் ராத்தா. அவன் அங்க வாழப்போறவன்."

மகன் போன பிறகு வீடு வெறிச்சோடிப் போனது. ஒருத்திக்குச் சோறு ஆக்கத் தெரியாமல் ஆக்கி, மிஞ்சியதை வேலிக்கு மேலால் எனக்குத் தருவாள். அவளோடு வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்த மக்தலேனா என்பவள்தான் அதைப் பார்த்துப் பொறுக்காமல் கோழிக் குஞ்சுகளைக் கொடுத்தாள். மக்தலேனாவுக்குத் தலவில என்ற ஊர். அவளிடம் தாடி வைத்த மாதிரிக் கழுத்தில் இறகு உள்ள சீமைச் சேவல் ஒன்று இருந்தது. அதை நாட்டுப் பேடுகளோடு விட்டுக் கிடைத்த கலப்புக் குஞ்சுகள் அவை. "வளத்துப் பாரு ஸுஹைரா, முட்டை போடேக்க என்னை நினைப்பாய்" என்று சிரித்தாளாம். ஏன் சிரித்தாள் என்று அப்போது விளங்கவில்லை.

குஞ்சுகளில் மூன்று பேடுகள் தப்பின. அவற்றுக்கு அவள் செய்த உபசாரத்தைப் பார்க்க வேண்டும்! தேங்காய்ப் பூவும் தவிடும் குழைத்து வைப்பாள், மத்தியானம் முருங்கை இலை, மழை என்றால் குசினிக்குள் படுக்கை. "மாப்பிள்ளை எடுத்த மாதிரிக் கவனிக்கிறாய்" என்று நான் பகிடி பண்ணுவேன். சப்னாவுக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது என்ற செய்தி வந்த கிழமையே, மூன்றிலும் நல்ல கோழியை, செம்மண் நிறத்துப் பேட்டை, கூடையில் வைத்துக் கற்பிட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழி முட்டையை நல்லெண்ணெயில் அடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கடையில் வாங்காமல் வீட்டிலேயே முட்டை இருக்கட்டும் என்று நினைத்தாள். அந்தப் பேடு அப்போது முட்டைப் பருவத்துக்கு வரவில்லை.

அவளிடம் மிஞ்சிய இரண்டில் ஒன்று சில நாளில் முட்டை போட்டது. "ராத்தா! ஓடி வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாம்பு என்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடினேன். கூட்டுக்குள் பச்சை நிறத்தில் ஒரு முட்டை. இலைப் பச்சை இல்லை, களப்பின் ஓரத்துத் தண்ணீர் மாதிரி நீலமும் கலந்த பச்சை. அதை உடைத்துப் பார்த்தோம். ஓட்டின் உள்பக்கமும் நீலம். கருவும் வெள்ளையும் மற்ற முட்டை போலத்தான். பொரித்துத் தின்றோம், நல்ல ருசி. அடுத்த கோழி போட்டது வெறும் பழுப்பு. ஒரே சேவலின் பிள்ளைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். போடும்வரைக்கும் எது என்ன நிறம் என்று மக்தலேனாவுக்கே தெரியாதாம்.

கடைக்கார மீராசாஹிபிடம் விற்கக் கொண்டுபோனாள். அவர் பெருவிரலில் எச்சில் தொட்டு முட்டையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சாயம் கழரலியே, எந்தக் கடையில வாங்கின?" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் செத்துப்போனது. அன்றைக்கே மகனுக்குப் போன் எடுத்து, "மவன், நம்மட கோழி பச்சை முட்டை போடுது" என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் சிரிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அவளுடைய போனில் படம் எடுக்க ஏலாது.

"சம்மந்தி வீட்டுக்கும் ஒரு சொல்லுச் சொல்லு" என்றேன் நான்.

"ஐயோ வேணாம் ராத்தா. மீராசாஹிப் காக்கா சிரிச்சது காணாதா? அவங்கட கோழி வெள்ளை முட்டை போட்டாலும் போடும். போட்டா அவங்களே கேப்பாங்கதானே."

அவர்கள் கேட்கவில்லை. மாறாக, றம்லா போனில் குறை சொன்னாள். கோழி நன்றாகத் தின்கிறது, ஒரு முட்டையைக்கூடக் காணோம் என்று. பெட்டியில் வைக்கோல் போட்டு வைத்தும் அது அந்தப் பக்கமே போகவில்லையாம். இன்னும் கொஞ்ச நாளில் போடும் என்று ஸுஹைரா சமாளித்தாள். கொஞ்ச நாளில் அந்தக் கோழியை நாய் பிடித்துவிட்டது. போனால் போகட்டும், வேறு தருகிறேன் என்றாள்.

அதற்குப் பிறகுதான் சப்னாவுக்கு ஐந்தாம் மாதத்தில் பிள்ளை அழிந்தது.

செய்தி கேட்டு ஸுஹைரா அழுதபடியே பஸ் ஏறினாள். அன்றைக்கு அவளை ஒரு மாதிரி உள்ளே எடுத்தார்கள். மருமகளின் காலைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டு வந்தாள். இரண்டாம் முறை கஞ்சியும் கோழிச் சாறும் கொண்டுபோனபோது றம்லா கேற்றைத் திறக்கவே இல்லை. சப்னா தூங்குகிறாள் என்று உள்ளே இருந்தே சொல்லி அனுப்பிவிட்டாள். ரிப்கான் தானாகப் போன் எடுத்துப் பேசுவதை நிறுத்தினான். இவள் எடுத்தால் "வேலையில நிக்கிறன் உம்மா" என்று வைத்துவிடுவான். எப்போதாவது ஒரு வெள்ளிக்கிழமை வந்து எட்டிப் பார்க்கிறவன், அதையும் விட்டுவிட்டான்.

விஷயத்தை முபாறக்தான் கொண்டுவந்தான். அவன் என் தங்கச்சி மகன், கற்பிட்டியிலிருந்து மீன் லொறி ஓட்டுகிறவன். ரிப்கானோடு ஒன்றாகப் படித்தவன். சொல்லவா விடவா என்று, என் வீட்டில் எனக்கும் ஸுஹைராவுக்கும் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நான் அதட்டின பிறகு சொன்னான். சப்னா படுக்கிற அறையின் யன்னலுக்குக் கீழே விறகுக் கொட்டில் இருக்கிறது. பிள்ளை அழிந்த சில நாளில் றம்லா விறகு எடுக்கப் போயிருக்கிறாள். மூலையில், தேங்காய் மட்டைகளுக்குப் பின்னால், தும்புக்குள் புதைத்து வைத்த மாதிரிப் பச்சை முட்டைகள். அவற்றோடு பெண்களின் தலைமுடியும் சுற்றிக் கிடந்ததாம். யன்னலடியில் இருந்து தலை வாரி, உதிர்ந்த முடியைச் சுருட்டி வெளியே எறிவது சப்னாவின் வழக்கம். கோழி தனக்குக் கிடைத்ததை வைத்துக் கூடு கட்டியிருக்கிறது. ஆனால் கோழிதான் செத்துப்போயிற்றே! உலகத்தில் பச்சை முட்டையைக் கண்டிராத வீட்டில், பிள்ளைத்தாய்ச்சியின் யன்னலுக்குக் கீழே, அவளுடைய தலைமுடியோடு பச்சை முட்டை இருந்தால் என்ன நினைப்பார்கள்? செய்வினை என்றுதான் நினைத்தார்கள். ஓதிப் பார்க்கிற ஒருத்தரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அந்த மகராசன் முட்டையைப் பார்த்ததும் பின்வாங்கினாராம். "மாப்புளையத் தன்ட கைக்குள்ள வச்சிருக்க ஆசப்பட்ட ஒரு பொம்புள. ஊர் வேற, உறவு கிட்ட" என்றாராம். அந்த அடையாளத்துக்கு ஸுஹைராவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

நான் வெடித்தேன். பாட்டம் பாட்டமாகத் திட்டினேன். ஸுஹைரா மட்டும் கதிரையை இழுத்து இருந்துகொண்டு சிரித்தாள். ஓம், சிரித்தாள்.

"இவ்வளவுதானா? நான் என்னமோ எண்டு பயந்திட்டன். முட்டையைக் கொண்டு போய்க் காட்டினா முடிஞ்சிதே. கோழிட வேலை எண்டு விளங்கிடும்."

அவள் நம்பினாள். உண்மையைக் கண்ணால் கண்டால் மனிதர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று அந்த அப்பாவி நம்பினாள். அடுத்த நாளே கூடையில் உமி பரப்பிப் பச்சை முட்டைகளை அடுக்கி, பொன் முட்டை கொண்டுபோகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தாள். நானும் கூடப் போனேன். வழியெல்லாம், சப்னாவுக்கு எப்படிச் சொல்வது, றம்லா வெட்கப்பட்டால் எப்படிச் சமாதானம் பண்ணுவது என்றே கதைத்தாள்.

கற்பிட்டியில் ரிப்கான் வீட்டில்தான் நின்றான். உம்மாவைக் கண்டு எழும்பினான், கிட்ட வரவில்லை. சப்னா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். மெலிந்து, கண் உள்ளே போய், பார்க்கவே பாவமாக இருந்தது. ஸுஹைரா கூடையைக் கீழே வைத்துத் துணியை விலக்கினாள்.

"சம்மந்தி, இதப் பாருங்க. இது என்ட வீட்டுக் கோழி போட்டது. நீங்க கண்டதும் நான் தந்த கோழிட முட்டைதான். ரெண்டும் ஒரே—"

றம்லா அலறினாள். அப்படி ஒரு அலறல். "யா அல்லாஹ்! கூடையோட கொண்டு வந்திருக்கா! காணாது எண்டு இன்னும் கொண்டு வந்திருக்கா!" சப்னா வயிற்றைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

"கோழி போட்டது, சம்மந்தி. சத்தியமாக் கோழி போட்டது!"

"என்ட வயசுக்கு நான் கோழி வளக்கல்லியா? எந்தக் கோழி பச்சையாப் போடும்? உன்னட்ட இருக்கு எண்டு நீயே காட்டிட்டியே!"

எனக்கு வந்த கோபத்துக்கு, "தலவிலைக்குப் போய்ப் பாருங்க, ஒரு வீட்டில கூடு கூடாக் கிடக்கு" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? ஸுஹைரா ஒரு முட்டையை எடுத்தாள். வாசல்படியில் தட்டி உடைத்தாள். பச்சையாகவே வாயில் ஊற்றி விழுங்கினாள். கடைவாயில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. "பாருங்க, எனக்கு என்னமும் ஆகுதா?"

"செய்தவளுக்கு என்ன ஆகும்? கண்டவளுக்குத்தான் ஆகும்" என்றாள் றம்லா.

அப்போதுதான் ஸுஹைரா மகனைப் பார்த்தாள். "மவன், நான் உனக்குப் போன்ல சொன்னனே. நீ சிரிச்சியே. சொல்லு மவன்."

ரிப்கான் நிலத்தைப் பார்த்தான். ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது.

எங்களைப் பஸ் ஏற்ற அவன் பின்னாலேயே வந்தான். பஸ் தரிப்பில் வந்து நின்ற பிறகுதான் வாய் திறந்தது. "எனக்குத் தெரியும் உம்மா. நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. கோழிட முட்டைதான்."

"அப்ப அங்க ஏன்டா பேசல்ல?" என்று கேட்டது நான்.

"பேசினா சப்னா என்னோட இருக்க மாட்டா, பெரியம்மா. அவ சரியாப் பயந்து போயிருக்கா. முட்டை எண்ட சொல்லக் கேட்டாலே உடம்பு நடுங்குது." பிறகு உம்மாவின் பக்கம் திரும்பினான். "கொஞ்ச நாளைக்கு வராதீங்க உம்மா. எனக்குப் போனும் எடுக்காதீங்க. எல்லாம் அடங்கினா நானே வாறன்."

எனக்குக் கை துறுதுறுத்தது. வெங்காயத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவளுக்குப் பெற்ற பிள்ளை சொல்லுகிற சொல்லா இது? ஸுஹைரா அவனை ஏசுவாள் என்று பார்த்தேன். அவள் அவனுடைய சேட்டுக் கொலரைச் சரி செய்தாள். "சாப்பிட்டியா மவன்?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். பஸ் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன், "இந்த முசீபத்துப் பிடிச்ச கோழிகளை இண்டைக்கே அறுத்துப் போடு" என்று.

"அதுகள் என்ன செஞ்சது ராத்தா? அதுகளுக்குத் தெரிஞ்ச நிறத்தில போடுதுகள்" என்றாள்.

கொஞ்ச நாள் என்றானே, அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. ஒரு நோன்புப் பெருநாள் போனது, ஹஜ்ஜுப் பெருநாள் போனது, மறு வருடத்து நோன்பும் வந்தது. மகன் வருவான் என்று பெருநாளைக்குப் பெருநாள் அவள் அவனுக்கு உடுக்கப் புதுச் சாரம் வாங்கி அலுமாரியில் வைத்தாள். கோழிகள் பெருகின. காலம் எப்படி மாறியது பாருங்கள், இப்போது கொழும்பிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து அந்த முட்டைகளைக் கேட்கிறார்கள். கையில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். "எவ்வளவு வடிவு!" என்கிறார்கள். மீராசாஹிப் கூட வெட்கமில்லாமல் தன் கடைக்குத் தரச் சொல்லிக் கேட்டார். அவள் எல்லோருக்கும் கொடுத்தாள். தான் மட்டும் ஒன்றையும் வாயில் வைப்பதில்லை.

அவள் மாறிவிட்டாள் என்பதை நான் உணர்ந்தது என் மகள் நிஸ்ரினுக்குப் பிள்ளை பிறந்தபோதுதான். ஒழுங்கையில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் முதலில் வந்து காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறவள் அவள். அன்றைக்கு வரவில்லை. கேற்றுக்கு வெளியே நின்று ஒரு பையை நீட்டினாள். உள்ளே முட்டைகள். எல்லாம் வெள்ளை. மீராசாஹிப் கடையில் வாங்கியவை. வீடு நிறையக் கோழி முட்டை வைத்துக்கொண்டு, கடையில் முட்டை வாங்கி வந்திருக்கிறாள்.

"என்ன புள்ள இது? உள்ளுக்கு வா, புள்ளையத் தூக்கு!"

"வேணாம் ராத்தா. நான் தூரத்தில நிண்டே பாக்கிறன்."

நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. செய்யாத குற்றத்துக்குத் தன்னைத்தானே தள்ளி வைத்துக்கொண்டாள் என் ஸுஹைரா.

போன மாதம் ஒரு நாள் காலையில் முபாறக் லொறியை எங்கள் கேற்றடியில் நிறுத்தினான். மீன் தரப்போகிறான் என்று சட்டியோடு போனேன். அவன் என்னைக் கடந்து ஸுஹைராவின் வீட்டுக்குப் போய், ஒரு பொலித்தீன் பையை அவளிடம் நீட்டினான். நானும் பின்னாலேயே போனேன். பைக்குள் ஆட்டிறைச்சி.

"அகீகா இறைச்சி, மாமி" என்றான். பிள்ளை பிறந்து பெயர் வைக்கிறபோது ஆடு அறுத்து, அயலவர்களுக்கும் ஏழைகளுக்கும் பங்கு கொடுப்போமே, அது.

"யார்ட வீட்டு அகீகா, தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். "ரிப்கான்தான் தந்தான். அவங்க வீட்டில ஒருத்தருக்கும் தெரியா. மாமிட்ட என்னமும் சொல்ல வேணாம், குடுத்திட்டு மட்டும் வா எண்டான்."

சப்னா மறுபடி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பெற்ற தாய்க்கு மறைத்து, பிள்ளை பிறந்ததையும் மறைத்து, கடைசியில் அயல்வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி ஒரு பங்கு இறைச்சி! அதையும் கள்ளமாக! அவனை ஏசுவதா, இதையாவது அனுப்பினானே என்று நினைப்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

ஸுஹைரா பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். இரத்தம் கசிந்து சட்டையை நனைத்தது. பிறகு கேட்டாள்.

"எத்தின ஆடு அறுத்தாங்க, தம்பி?"

"ஒண்டு, மாமி."

ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண் பிள்ளைக்கு ஒன்று. அவளுடைய முகம் மலர்ந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டேன். "பொம்புளப் புள்ள, ராத்தா! என்ட மவனுக்குப் பொம்புளப் புள்ள!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அழுதாள்.

முபாறக்குக்கும் கண் கலங்கிவிட்டது. பாவம் பார்த்து அவனாகவே தொடங்கினான். "சொல்ல வேணாம் எண்டுதான் சொன்னான். இருந்தாலும் நீங்க வாப்பாவப் பெத்த வாப்பும்மா. புள்ளைக்கு வச்ச பேர் வந்து—"

"சொல்லாதீங்க!"

அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து நான் கேட்டதில்லை. இறைச்சிக் கையாலேயே அவனுடைய வாயைப் பொத்தப் போனாள்.

"சொல்லாதீங்க, தம்பி. பேரைத் தெரிஞ்சு வச்சுத்தானே செய்வினை செய்வாங்க. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என்னைத்தான் சொல்லுவாங்க. அண்டைக்கு நான் குர்ஆனத் தொட்டு, எனக்கு அந்தப் புள்ளைட பேரே தெரியாது எண்டு சத்தியம் பண்ண வேணும். பொய்ச் சத்தியம் பண்ண வைக்காதீங்க."

முபாறக் லொறியில் ஏறிப் போனான். அவள் இறைச்சியைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.